கிளட்ச் காலு

— மிதி!

— மிதிச்சுட்டேன்.

— சத்தம் வரலியே?

— மெட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சுங்க. நான் மிதிச்சுதான் இருக்கேன், கியரப் போடுங்க.

— சத்தம் வராம போட மாட்டேன் கஸ்தூரி. போன வாரம் உன் பேச்ச நம்பிப் போட்டேன். கியர் பெட்டிக்குள்ள கரும்பு மிஷின் ஓடற மாதிரி கிர்ர்ருனு கத்துச்சு. பின்னால இருந்த பார்ட்டி பாதி வழியில எறங்கி பஸ்சுல போயிட்டான்.

— இந்தா கேட்டுக்கோங்க. டிங்கு! போதுமா? இன்னொரு தபா அடிக்கட்டா?

— ஆங், இப்ப மூணாவது. விடு... மெதுவா விடு... மெதுவா... ரைட்டு! பாத்தீங்களா வைத்தியரே? வண்டி வழுக்கிக்கினு போவுது பாருங்க!

— நான் எங்கடா சகாதேவா பாக்கறது? கீழ்பென்னாத்தூர் தாண்டனதுலருந்து பின் சீட்டுல கண்ண மூடிக்கினு அண்ணாமலையார வேண்டிக்கினு கீறேன். வண்டி என் வூட்டு வாசல்ல வந்து நிக்கறத எத்தினியோ தபா பாத்திருக்கேன். உள்ள உக்காந்தது இன்னிக்குத்தான். ரெண்டு பேரு சேந்து ஓட்டினா இப்படி இருக்கும்னு தெரிஞ்சிருந்தா, ஊட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வந்திருப்பேன்.

— இன்னா வைத்தியரே, நீங்க கட்டின கட்டுதானே? எடது காலத் தொங்க விடாத, அழுத்தாத, அசைக்காதன்னு சொன்னது யாரு? வேடியப்ப வைத்தியரு! அப்புறம் கிளட்ச் யாரு மிதிக்கறது, அந்த வேடியப்ப சாமியா?

— நான் கால அசைக்காதன்னேன். வண்டிய ஓட்டுன்னு எங்கடா சொன்னேன்?

— அதானே! நானும் அதத்தான் கேட்டேன் வைத்தியரய்யா. "எலும்பு கூடற வரைக்கும் வண்டிய நிறுத்துங்க"ன்னேன். "நிறுத்தினா சோறு?"ன்னாரு. "சரி, நான் என்ன பண்ணட்டும்?"னு வாயத் தொறந்தேன். "நீ இப்படி நகந்து உக்காரு"ன்னுட்டாரு. பெஞ்சு மாதிரி நீட்டு சீட்டாச்சே, நடுவுல உக்காந்தா என் வலது காலு நேரா கிளட்ச் மேலதான் வருது. அவரு வலது காலுக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும். என் காலுக்கு கிளட்ச். போதாததுக்கு ராத்திரி லைட்டு டிம் பண்ற பட்டன் தரையில கீது பாருங்க, அது என் எடது காலுக்கு.

— ஆக, நாலு சக்கரத்துக்கு மூணு காலு.

— அவரு கட்டுப் போட்ட காலயும் சேத்தா நாலு. அது ஜமீன்தாரு காலு, வேல செய்யாது.

— சிரிக்காத கஸ்தூரி. மேடு வருது. ரெண்டாவதுக்கு எறக்கணும். மிதி!

— டிங்கு!

— ஆங்!

— அதென்னாடா, மெட்டி சத்தம் கேட்டாதான் கியரு?

— அது ஒரு ஏற்பாடு வைத்தியரே. மொதல்ல "மிதி, விடு"ன்னு கத்திக்கினு இருந்தேன். பின்னால உக்காந்த பார்ட்டிங்கல்லாம் பொண்டாட்டிய மெரட்டறேன்னு நெனச்சுக்கினாங்க. ஒரு வாத்தியாரு எறங்கும்போது எனக்கு அர மணி நேரம் புத்தி சொன்னாரு. அப்புறம் பாத்தேன், இவ மிதிச்சதும் கால் மெட்டி அந்த இரும்புல பட்டு டிங்குனு ஒரு சத்தம் வருது. அது வந்தா முழுசா மிதிச்சுட்டான்னு அர்த்தம். வாயே தேவயில்ல. இப்பல்லாம் நான் கியர்ல கை வெக்கறதுக்குள்ள சத்தம் வந்துடுது. எந்த மேட்டுல எதுக்கு எறக்குவேன்னு இவளுக்கு எனக்கு முன்னாடியே தெரியுது.

— செருப்பு போட மாட்டியா தாயி?

— மொத நாள் போட்டேனே! செருப்புக்கும் கிளட்சுக்கும் ஒத்து வரல. வழுக்கிச்சு. அப்புறம் வெறுங்கால்ல குதிகாலத் தரையில ஊனி, முன்பாதத்தால அமுத்திப் பாத்தேன். எந்த எடத்துல வண்டி புடிச்சு இழுக்குதுன்னு காலுக்கே தெரியுது வைத்தியரய்யா. ஒரு சின்ன நடுக்கம், பசு மடியில கை வெச்சா ஒரு சிலிர்ப்பு சிலிர்க்குமே, அது மாதிரி.

— பசு மாடாம்! வண்டிக்காரன் பொண்டாட்டி பேசற பேச்சா இது?

— பூசணிக்காயில கால ஒடச்சுக்கிட்டவரு பேசாம ரோட்டப் பாருங்க.

— ஏய்!

— அட, அத மறுபடியும் சொல்லும்மா. எனக்கு எத்தன தபா கேட்டாலும் சலிக்கல.

— நீங்களே கேளுங்க வைத்தியரய்யா. இந்த ஆனி மாசத்துல, வானத்துல சுத்தின ஸ்கைலாப் தலமேல விழப்போவுதுன்னு ஊரே கோழி அடிச்சுத் தின்னுட்டு சாவறதுக்குத் தயாரா இருந்துச்சு. இவரு மட்டும் மாருல தட்டிக்கினு, "எது விழுந்தாலும் சகாதேவன் அசைய மாட்டான்"னாரு. ஆயுத பூசைக்கு வண்டிக்குத் திருஷ்டி கழிக்கறேன்னு பெரிய பூசணிக்காயா வாங்கியாந்து ஸ்டாண்டு வாசல்ல ஓங்கி ஒடச்சாரு. ஓரமா தள்ளுங்கன்னேன். "திருஷ்டி பட்டது, தொடக்கூடாது"ன்னாரு. மறுநாள் விடிகாலையில அதுமேலயே கால வெச்சு...

— சர்ருனு போனேன். தேரடி வரைக்கும் போனேன். போதுமா? எல்லாரும் சிரிச்சாச்சா?

— திருஷ்டி வண்டிக்குக் கழிஞ்சுதுடா. ஓட்டறவனுக்குத்தான் ஒட்டிக்கிச்சு.

— இன்னியோட எல்லாம் முடியுது வைத்தியரே. கட்டப் பிரிச்சுட்டா நம்ம காலு, நம்ம கிளட்ச், நம்ம வண்டி.

— ம்.

— என்னா "ம்"?

— ஒண்ணுமில்லங்க. ரோட்டப் பாருங்க.

— ஏம்மா, ஸ்டாண்டுலதான் பிரிக்கணும்னு ஏன் புடிவாதம் புடிக்கறான் இவன்? என் வூட்டுலயே பிரிச்சிருக்கலாமே.

— நானா புடிக்கறேன்? எங்க ஸ்டாண்டு தலைவரு ஆதிமூலம் அண்ணன் உத்தரவு. "சகாதேவா, டாக்சி ஸ்டாண்டுல முன் சீட்டுல பொம்பள உக்காந்து கிளட்ச் மிதிக்கறத இனிமே பாத்துக்கினு இருக்க முடியாது. ஊரு சிரிக்குது. கொடியேத்தம் ஆயிடுச்சு. தீபத்துக்கு வெளியூரு ஜனம் வர ஆரம்பிச்சுடுச்சு. இன்னிக்கு என் கண்ணு முன்னாடி கட்டப் பிரிக்கணும். ரெண்டு காலாலயும் தனியாளா ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். இல்ல, வண்டிய வேற எங்கயாவது நிறுத்திக்கோ." இதுதான் பேச்சு. தீபத்துக்கு வரிசையில வண்டி இல்லன்னா அந்த வருஷமே இல்ல வைத்தியரே, உங்களுக்குத் தெரியாததா?

— அப்ப நாளையிலேருந்து நானு?

— நீ இன்னா? வூட்டுல ராணி மாதிரி இரு.

— ராணி! நாலு சொவரு, ஒரு ரேடியோ. ராணி யாரு முகத்தப் பாக்கறது, ரேடியோ முகத்தயா?

— முன்னெல்லாம் அப்படித்தானே இருந்த?

— முன்ன எனக்குத் தெரியாதே.

— என்னா தெரியாது?

— சாத்தனூர் அணையில தண்ணி தொறந்து விட்டா எப்படி பொகையும்னு தெரியாது. செங்கத்துல காலையில பனியில ரோடே மறஞ்சு போவும்னு தெரியாது. எனக்குக் கல்யாணம் ஆயி வந்ததுலருந்து இந்த ஊரு மலைய ஒரே பக்கமாத்தான் பாத்திருக்கேன், தண்ணிக் கொழாய்லருந்து. இப்ப எந்த ரோட்டுலருந்து பாத்தா எப்படித் தெரியும்னு சொல்லுவேன். எல்லாம் அந்தப் பூசணிக்கா புண்ணியம்.

— ஆதிமூலத்த வுடு தாயி. அவன் பொண்டாட்டி திரௌபதி ஒண்ணும் சொல்லலியா உன்ன?

— அக்காவா? அவங்க என்ன சொல்லுவாங்க, பாவம்! கொழாயடியில என் கையப் புடிச்சுக்கினு, "முன் சீட்டுலருந்து பாத்தா ரோடு எப்படி இருக்கும் கஸ்தூரி?"ன்னாங்க. "நம்மள நோக்கி ஓடி வரும்க்கா"ன்னேன். கேட்டுக்கினே நின்னாங்க, கொடம் வழிஞ்சு போச்சு. அவங்க வூட்டுலயும்தான் வண்டி இருக்குது, ஆதிமூலம் அண்ணன் ஒரு நாளு கூட முன்னால உக்கார வெச்சது இல்லயாம். கல்யாணத்தன்னிக்கே பின் சீட்டுல, சீர் பாத்திரத்துக்கு நடுவுல உக்காந்துதான் வந்தாங்களாம். போன வாரத்துலருந்து அண்ணன்கிட்ட பேசறது கூட இல்லன்னு கேள்வி.

— ஓ! அதான் அண்ணன் மூணு வேளயும் ஓட்டல்ல சாப்புடறாரா? நான் வயித்துக்கு ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.

— ஹாஹ்ஹா!

— எதுக்கு வைத்தியரே இப்படி சிரிக்கறீங்க?

— ஒண்ணுமில்லடா. வெத்தல பொரையேறிச்சு. நீ ஓட்டு.

— ஆமா, கேக்கணும்னு இருந்தேன். நீங்க என் கட்டப் பிரிக்க மட்டும் வரல, டவுன்ல புது கேசு ஒண்ணு இருக்குதுன்னீங்களே, யாரு அது? ஆசிரமத்துப் பக்கம் ரூமெடுத்துத் தங்கியிருக்கற வெள்ளக்காரங்களா? மலையில வெறுங்கால்ல ஏறி சுளுக்கிக்குவாங்க.

— வைத்தியன் நோயாளி பேரச் சொல்லக்கூடாது. தீபத்துக்கு முன்னால கட்டுப் போட்டே ஆவணும்னு நேத்து ஆளனுப்பினான், வரேன். அவ்ளோதான்.

— எந்தக் காலு வைத்தியரய்யா?

— அதுதாம்மா எனக்கும் கவலயா கீது. எந்தக் காலுன்னு அவனுக்கே இன்னும் தெளிவா தெரியல.

— கால ஒடச்சுக்கினவனுக்கு எந்தக் காலுன்னு தெரியலியா? குடிகாரனா இருப்பான்.

— ஏங்க, வாத்து.

— வாத்தா? அதுக்கு இன்னா?

— வாத்துங்க! ரோட்டுல! ஏங்க, எத்தன வாத்து பாருங்க, அறுத்த வயல்லருந்து ஏறி வருது, அய்ய, அந்தக் குஞ்சப் பாருங்களேன், எப்படி ஆட்டிக்கினு...

— கிளட்ச்! கஸ்தூரி, கிளட்ச்!

— அய்யோ!

— அண்ணாமலையாரே!

— நின்னுடுச்சு. நின்னுடுச்சு. ஒண்ணும் ஆவல. வாத்துக்காரரே, ஓரமா ஓட்டிக்கினு போங்க சாமி! நாங்க ஏரோப்ளேனா, மேல பறந்து போவ? வைத்தியரே, இருக்கீங்களா?

— கீறேன். என் வெத்தலப் பொட்டி முன் சீட்டுக்கு வந்திருக்கும், எடுத்துக் குடு. வாத்துக்கு ஒண்ணும் ஆவலியே?

— நம்ம வண்டிக்கு முன்னாடி நின்னுக்கினு நம்மளத் திட்டிக்கினு கீது. நல்லாத்தான் கீது. ஏ கஸ்தூரி, மூஞ்சிய ஏன் சுளிக்கற?

— காலு... என் காலு மேல என்னமோ பலமா விழுந்துடுச்சுங்க.

— என்... என்னமோன்னா?

— தெரியலியே. நீங்க "கிளட்ச்"னு கத்தினீங்க, நான் மிதிக்கறதுக்குள்ள டமால்னு என் கால் மேல... தண்ணி செம்பா இருக்கும். உருண்டு வந்திருக்கும்.

— ஆமா ஆமா, செம்புதான். நான் கூட பாத்தேன். கண்ணால பாத்தேன்.

— செம்பு என் மடியில கீதேடா.

— அப்ப ஸ்பேனரு!

— அதானே! ஸ்பேனருதான் வைத்தியரய்யா. ரொம்ப கெட்ட ஸ்பேனரு.

— தாயி, அந்தக் கால இப்படிக் காட்டு. ம்... புறங்கால்ல பச்சப்பசேல்னு ஒட்டிக்கினு கீதே, அது இன்னா? மோந்து பாத்தா என் மூலிகப் பத்து வாசன வருது. நான் ஸ்பேனருக்கெல்லாம் பத்துப் போட்டதில்லியே!

— அது... நீங்க அன்னிக்கு அரைச்சப்ப சிந்தினது.

— அன்னிக்குச் சிந்தினது இத்தினி நாளு கழுவாமயா கீது?

— வைத்தியரே, அதோ ரயில்வே கேட்டு! மூடறான் பாருங்க. பேசாம உக்காருங்க, மேட்டுல நிறுத்தணும், இது பேஜாரு புடிச்ச எடம். கஸ்தூரி, உஷாரு!

— உஷாராத்தான் இருக்கேன்.

— முன்னால லாரி, பின்னால மாட்டு வண்டி. ஹேண்ட் பிரேக்கு நிக்காது, பழைய வண்டி. மூட்ட ஏத்தின வண்டியில போயி மோதினோம்னா வேர்க்கடலைக்கு நாமதான் பதில் சொல்லணும்.

— ரயில் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள ஏன் வேர்க்குது உங்களுக்கு?

— எனக்கு எங்க வேர்க்குது?

— நெத்தியில ஓடுதே. இருங்க, தொடைக்கறேன். இது பின்னால பாக்கற கண்ணாடியில தெரியுது, வைத்தியரய்யா பாக்கறாரு, சும்மா இருங்க.

— நான் ஒண்ணும் பாக்கல. கண்ண மூடிக்கினேன்.

— வைத்தியரே, இப்பப் பாருங்க, இது கண்ண மூடிக்கினு இருக்கற நேரமில்ல. கேட்டத் தொறந்தா என் வலது காலு பிரேக்கு மேல இருக்கும். வண்டி கெளம்பணும்னா அந்தக் கால எடுத்து ஆக்சிலேட்டரு மேல வெக்கணும். அந்த நொடியில பிரேக்குல யாரு காலும் கெடயாது. வண்டி பின்னால உருளணும். உருளாம நிக்கும். ஏன்னு கேளுங்க.

— ஏன்டா?

— இவ பாதி கிளட்ச்சுல புடிச்சுக்கினு இருப்பா. மொத்த வண்டியும் இவ முன்பாதத்துல நிக்கும். நீங்க, நானு, உங்க வெத்தலப் பொட்டி, எல்லாம்.

— ரயில் போயிடுச்சுங்க. கேட்டத் தொறக்கறான்.

— டிங்கு வரட்டும்.

— டிங்கு.

— மொதல் கியரு. எடுக்கப் போறேன் கால.

— எடுங்க. நான் புடிச்சுக்கினு இருக்கேன்.

— எடுத்துட்டேன்!

— நிக்குது பாத்தீங்களா? இப்பக் குடுங்க. கொஞ்சம் ஜாஸ்தி... ஆங், இப்ப விடறேன்... விடறேன்...

— ரைட்டு ரைட்டு ரைட்டு! ஒரு அங்குலம் பின்னால போவல. பாத்தீங்களா வைத்தியரே? பாத்தீங்களா? ஸ்டாண்டுல பத்து வருஷம் ஓட்டினவனெல்லாம் இந்த மேட்டுல பின்னால போயி இடிச்சிருக்கான்!

— இப்படி ஒரு கிளட்ச்ச வெச்சுக்கினு, நாளைலருந்து ஏன்டா அத வூட்டுல பூட்டி வெக்கற?

— டவுன் வந்துடுச்சு வைத்தியரே. கூட்டம். பேசாம வாங்க.

— இப்ப மட்டும் கூட்டமா? சரி, ஓரமா நிறுத்து. தேரடி முனைக்கு முன்னாலயே நிறுத்து. ஆதிமூலம் முன்னால போயி கத்திரிய எடுக்கறதுக்கு மின்ன உன் கால நான் ஒரு தபா பாக்கணும்.

— மிதி கஸ்தூரி.

— டிங்கு.

— நிறுத்திட்டேன். பாருங்க.

— அமுத்தறேன். வலிக்குதா?

— வலி... வலிக்குது வைத்தியரே. ரொம்ப வலிக்குது. ஆ!

— நான் இன்னும் அமுத்தவே இல்லடா.

— வைத்தியரய்யா, பாவம் அவருக்கு வலிக்குதாம். இன்னும் ஒரு கட்டுப் போட்டுடுங்களேன். தீபம் முடியற வரைக்குமாவது. ஆதிமூலம் அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன், கால்ல வேணா விழறேன்.

— எங்க தாத்தா காலத்துலருந்து எலும்பு முறிவுக்கு மூணு கட்டு. மூணே கட்டு. ஆன மிதிச்சவனுக்குக் கூட மூணு கட்டுதான் போட்டிருக்கோம். உன் புருஷனுக்குத்தான் நாலு. எங்க வம்சத்துலயே நாலாவது கட்டு கட்டினவன் நான் ஒருத்தன்தான். ஏன் கட்டினேன்னு தெரியுமா?

— அது... எலும்பு புடிவாதக்கார எலும்புன்னு நீங்கதானே சொன்னீங்க?

— எலும்பு அமாவாசைக்கே கூடிடுச்சு தாயி. கல்லு மாதிரி கூடிடுச்சு. அன்னிக்கே அவன் கிளட்ச் மிதிச்சிருக்கலாம், சைக்கிள் ஓட்டியிருக்கலாம், மலையச் சுத்தியிருக்கலாம்.

— வைத்தியரே! நீங்க சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க!

— நீயும் வாத்தப் பாத்தா கூடிப்போன கால அசைக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கணும்டா! பத்து ஒட்டற மாதிரி அவ கால் மேல ஏறி மிதிச்சுட்டு, ஸ்பேனராம்!

— ஏங்க... கூடிடுச்சா? அமாவாசைக்கேவா? அப்ப இத்தன நாளும் என்ன ஏமாத்தினீங்களா?

— கஸ்தூரி, நான் சொல்றேன், கோவப்படாத...

— அவ எதுக்குடா கோவப்படறா? அம்மாடி, நீ ரொம்ப வாயத் தொறக்காத. அமாவாசையன்னிக்கு என் வூட்டுக் கொல்லையில பத்து அரைக்கறேன்னு வந்தது யாரு? அம்மியில கைய வெச்சுக்கினு, "ஐயா, எலும்பு கூடியிருந்தாலும் கூடலன்னு சொல்லுங்கய்யா, இன்னும் ஒரு கட்டுப் போடுங்கய்யா"ன்னு கண்ணுல தண்ணி வெச்சுக்கினது யாரு?

— அய்யோ! வைத்தியரய்யா!

— கஸ்தூரி... நீயா?

— சரி, பொண்ணு கேக்குதேன்னு நான் உள்ள வரேன். கட்டில்ல படுத்துக்கினு இந்தக் கோழித் திருடன் என் வேட்டியப் புடிச்சு இழுக்கறான். "வைத்தியரே, நல்லாயிடுச்சுன்னு இவகிட்ட சொல்லிடாதீங்க, இன்னும் ஒரு கட்டு!" நான் என்னா பண்றது? ரெண்டு பக்கமும் கேட்டா வைத்தியன் கட்டித்தான் ஆவணும். நாலாவது கட்டு உன் எலும்புக்குக் கட்டினது இல்லடா, உங்க ரெண்டு பேரு புளுகுக்குக் கட்டினது. பேசுங்களேன் இப்ப! கேட்டு மேட்டுலருந்து வாய் ஓயாம பேசினீங்களே ரெண்டு பேரும்!

— நீங்க ஏங்க அப்படிக் கேட்டீங்க?

— நீ மொதல்ல சொல்லு.

— எனக்கென்ன, நான் சொல்லுவேன். வூட்டுக்கு வந்தா நீங்க சோறு, தூக்கம். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினது கெடயாது. வண்டியிலதான் தெரிஞ்சுது, நீங்க இவ்ளோ பேசுவீங்கன்னு. பாட்டு வேற. நல்லா இல்லன்னாலும் பாட்டு. அத விட்டுட்டு ரேடியோவ எவ கேப்பா? இப்ப நீங்க.

— நான் இத்தன வருஷமா முதுகுக்குப் பின்னால இருக்கறவங்ககிட்டதான் பேசியிருக்கேன். "ஆமா சார், இல்ல சார், கோபுரம் இந்தப் பக்கம் சார்." பக்கத்துல ஒரு ஆளு இருந்தா ரோடு கம்மியாத் தெரியுது கஸ்தூரி. அப்புறம்...

— அப்புறம்?

— அந்த மெட்டி. முந்தாநேத்து நீ கடைக்குப் போனப்ப வண்டிய கொஞ்சம் நகத்தலாம்னு நானே எடது காலால மிதிச்சேன். சத்தம் வரல. கியரு மேல கை வெச்சுக்கினு உக்காந்தே இருந்தேன். பின்னால ஜட்காக்காரன் திட்டின அப்புறம்தான் சொரணயே வந்துச்சு.

— நடு ரோட்டுல பேசற பேச்சா இது? வைத்தியரய்யா வேற...

— நான் கண்ண மூடிக்கினேன்னு சொன்னனே!

— சரி வைத்தியரே. பேசி இன்னா ஆவுது? அதோ, தேரடி முனையில நிக்கறாரு பாருங்க ஆதிமூலம் அண்ணன். நம்ம வண்டியப் பாத்துட்டாரு. ஸ்டாண்டு இல்லாம பொழப்பு இல்ல. கத்திரிய எடுங்க, பிரிச்சுடுங்க.

— பிரிங்க வைத்தியரய்யா. நான் எறங்கி நடந்து போயிக்கறேன். கூட்டத்துல ஒருத்தியா போயிடுவேன், யாருக்கும் தெரியாது.

— எறங்காத தாயி. கதவ மூடு. கத்திரி பையிலயே கெடக்கட்டும்.

— அண்ணன் வண்டிய ஸ்டாண்ட விட்டே தூக்கிடுவாரு வைத்தியரே!

— தூக்க மாட்டான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஏங்க, அண்ணன் நம்ம பக்கம்தான் வராரு. அவரு பின்னாலயே திரௌபதி அக்கா! பட்டுப் பொடவ கட்டிக்கினு, பூ வெச்சுக்கினு... ஊருக்குப் போறவங்க மாதிரி.

— பட்டுப் பொடவ இருக்கட்டும் கஸ்தூரி, அண்ணனப் பாரு! ஏன் இப்படி நொண்டறாரு? நேத்து சாயங்காலம் பஸ்சு பின்னால ஓடிப்போயி பார்ட்டி புடிச்சாரே!

— கண்ணாடிய எறக்கு தாயி. நல்லா எறக்கு. யோவ் ஆதிமூலம்! சொல்லியனுப்பினது ஒழுங்கா காதுல விழலியா? வலது கால ஏன்யா இழுத்துக்கினு வர? பொண்டாட்டிய முன் சீட்டுல உக்கார வெக்கணும்னா எடது கால நொண்டுய்யா, எடது கால!